நெல்மணியின் வயதும் நலிந்த தரமாதிரியும்



இந்தக் கோத்தா திங்கி மாவட்டத்தில், ஜொகூர் ஆற்றங்கரையில் இருந்த ஜொகூர் லாமா கோட்டை எப்போது வீழ்ந்தது என்று கேட்டால், 1587இல் போர்த்துகீசியர் தாக்கியபோது என உடனே விடை கூறலாம். அதற்கு எழுத்துச் சான்று உண்டு. ஆனால், தமிழ் எழுத்து எப்போது வழக்கிற்கு வந்தது என்ற வினாவுக்கு அத்தகைய சான்று இல்லை. அங்கே நெல்மணியிடம்தான் விடை கேட்க வேண்டியுள்ளது.

பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஈமக்குழி ஒன்றில் நெல் நிரம்பிய சாடியும் தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த பானைத் தாங்கியும் கிடைத்தன. நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. இது அசோகர் காலத்துக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முற்பட்டது. ஆதலால் அறிஞரிடையே விவாதம் எழுந்தது. எழுத்தைப் பற்றி விவாதிக்கும் நாம், காலத்தைத் தந்த கருவியையும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும்.

அது முடுக்கி நிறை நிறமாலைமானி. நெல்லை எரித்துக் கிடைக்கும் கரியமில வாயுவைக் கிராஃபைட்டாக மாற்றுவர். அதன்மீது சீசியம் அயனிகள் மோதுகையில் கார்பன் அயனிகள் கற்றையாக வெளிப்படும். கார்பன் 12, கார்பன் 13 ஆகியவை மின்னோட்டமாக அளக்கப்படும். உயிர்ப்பொருளில் இலட்சம் கோடியில் ஏறத்தாழ ஓர் அணுவாக உள்ள கார்பன் 14 ஒவ்வோர் அணுவாக எண்ணப்படும். இவ்வெண்ணிக்கை தனித்துப் பொருள் தராது. கார்பன் 14 விகிதம் முன்பே அறியப்பட்ட ஆக்சாலிக் அமிலத் தரமாதிரியை அதே சுற்றில் அளந்து ஒப்பிட வேண்டும். தராசுக்கு எடைக்கல் எப்படியோ, இக்கருவிக்குத் தரமாதிரி அப்படி. இந்த ஒப்பீடே அளவுத்திருத்தம்.

தரமாதிரியின் சமிக்ஞை நலிந்தால் என்ன செய்வது? பெருக்கியை உயர்த்துவது தீர்வன்று. இரைச்சலும் உடன் உயரும், இழந்த அணுக்கள் மீளா. இழப்பு எங்கே நேர்ந்தது என்று படிப்படியாக வினவ வேண்டும்.

ஒரு தரமாதிரி மட்டும் நலிந்திருந்தால், குறை அதன் கிராஃபைட்டில் இருக்கலாம்: முழுமையாக உருவாகாமலோ, சரியாக அழுத்தப்படாமலோ, தேய்ந்தோ போயிருக்கும். எல்லா மாதிரிகளும் நலிந்திருந்தால், சீசியம் வரத்து, வெப்பநிலை, வெற்றிடம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். முடுக்கிக்கு முன் வலுவாக இருந்த மின்னோட்டம் அதன்பின் குன்றினால், கற்றை வழியில் விலகியுள்ளதா, மூலக்கூறுகளைச் சிதைக்கும் வாயுவின் அழுத்தம் மாறியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். மின்னோட்டங்கள் சரியாக இருந்தும் கார்பன் 14 எண்ணிக்கை மட்டும் குறைந்தால், உணர்கருவியை ஐயுற வேண்டும்.

இறுதியில் கூறியதே மிகுதியும் ஏமாற்றுவது. மூன்று கார்பன்களும் ஒருசேரக் குறைந்தால் விகிதம் பெரும்பாலும் மாறாது. ஐயவரம்பு மட்டுமே விரியும். தரமாதிரியை அளக்கும்போது மட்டும் கார்பன் 14 ஒரு விழுக்காடு குறைவாகப் பதிவானால், விகிதமே பிறழ்ந்து, நெல் சுமார் 80 ஆண்டு இளையதாகத் தோன்றும்.

நலிந்த சமிக்ஞையை அப்படியே ஏற்பதும் பிழையே. 10,000 அணுக்களை எண்ணினால் ஐயம் ஒரு விழுக்காடு, அதாவது சுமார் 80 ஆண்டு. அதைப் பாதியாக்க 40,000 அணுக்களை எண்ண வேண்டும்.

கருவி செம்மையாக இருப்பினும் வேலை முடிவதில்லை. கிடைத்த அளவை மரவளையங்களைக் கொண்டு நாட்காட்டி ஆண்டாக மாற்ற வேண்டும். கி.மு. 800 முதல் 400 வரையிலான பகுதியில் அவ்வளைகோடு ஏறத்தாழத் தட்டையாக உள்ளது. ஆகவே ஒரே அளவு பல ஆண்டுகளுக்குப் பொருந்தக்கூடும். பொருந்தலின் காலமும் இப்பகுதியிலேயே அமைகிறது.

எனவே வகுப்பறையில் கி.மு. 490 என்று எழுதும்போது, அதன் ஐயவரம்பையும் அருகில் எழுதுங்கள். தமிழின் தொன்மைக்கு அதனால் இழுக்கில்லை. எடைக்கல்லைச் சரிபார்த்து நிறுத்த பொருளை எந்தச் சந்தையிலும் துணிந்து வைக்கலாம்.