தகரச் சுவரும் மரவட்டைகளும்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஆல்ட்மூல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓபர்ஐஷ்டெட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இலையுதிர் காலம் வந்தால் அங்கே மரவட்டைகள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பி வீடுகளை நோக்கி வரும். சுவரேறும், கதவிடுக்கில் நுழையும், மிதிபட்டால் நெடி கிளப்பும். பொறுத்துப் பார்த்த ஊர்மக்கள் 2013-இல் ஊரின் ஓரத்தில் தாழ்வான தகரச் சுவர் ஒன்றை எழுப்பினார்கள். வழுவழுப்பான தகரம், மேல் விளிம்பு மடிக்கப்பட்டது. மரவட்டையின் கால்கள் அதில் பிடிப்பில்லாமல் சறுக்கிவிடும். ஆஸ்திரியாவின் ரோன்ஸ் என்ற ஊரில் முன்பே இருந்த தடுப்புதான் இதற்கு முன்மாதிரி. வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. என் பார்வையில் அந்த ஊர் செய்தது மிகச் சரியான காரியம். மருந்தடித்துக் கொன்று குவிக்காமல் தகரம் நட்டார்களே, அதற்காகவே பாராட்ட வேண்டும்.

மரவட்டை பூச்சி அல்ல, பூரானுக்கு உறவுமுறை. ஆனால் இரண்டின் குணமும் நேரெதிர். பூரான் வேட்டையாடும், அதற்கு நஞ்சுக் கொடுக்கு உண்டு, ஒரு கணுவுக்கு ஒரு ஜோடிக் கால். மரவட்டையோ உதிர்ந்த இலையையும் மக்கிய கட்டையையும் தின்று பிழைக்கும் சாது. உடலின் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால்கள். கரு வளரும்போது இரண்டு கணுக்கள் ஒன்றாக இணைந்துவிடுவதால் வந்த அமைப்பு இது. இத்தனை கால்களால் வேகம் கிடைக்காது, தள்ளும் வலு கிடைக்கும். கால்கள் அலை அலையாக நகர, தலையை முன்னே கொடுத்து இறுகிய மண்ணுக்குள்ளும் சருகுக்குள்ளும் அது துளைத்துக்கொண்டு போகும்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குப் பொதுவாக மூன்று ஜோடிக் கால்களே இருக்கும். தோலுரிக்கும்போதெல்லாம் வளையங்களும் கால்களும் கூடிக்கொண்டே போகும். பல இனங்களில் சில நூறு கால்களோடு வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஆயிரத்தைத் தாண்டிய ஒன்று 2021-இல்தான் அறிவிக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கனிமத்துக்காகத் தோண்டிய ஆழ்துளை ஒன்றில், தரைக்கு 60 மீட்டர் கீழே கிடைத்த கண்ணில்லாத உயிர் அது. நீளம் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு; கால்கள் 1,306.

மரவட்டையின் ஓட்டில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. ஆனால் நீரை உள்ளே நிறுத்தும் மெழுகுப் பூச்சு போதாது. வெயிலில் சீக்கிரம் வறண்டு செத்துவிடும். இரவில் நடமாடுவதும், மழை பெய்ததும் வெளியே வருவதும், ஈரமான குளியலறை மூலையில் போய் ஒதுங்குவதும் இதனால்தான். சில இனங்கள் திடீரெனப் பெருகிக் கூட்டமாக இடம்பெயரும். கிழக்கு ஜெர்மனியில் இப்படி நடந்த படையெடுப்புகளை கோர்லிட்ஸ் நகரின் செங்கன்பெர்க் அருங்காட்சியக ஆய்வாளர்கள் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள்.

கடிக்காத, கொட்டாத, ஓடத் தெரியாத உயிர் எப்படித் தப்புகிறது? முதல் வழி சுருண்டுகொள்வது. இரண்டாவது வேதியியல். நீள உருளை வடிவ மரவட்டைகள் பலவும் உடலின் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து குயினோன் என்ற வேதிப்பொருள் கலந்த மஞ்சள் திரவத்தைக் கசியவிடும். கையில் பட்டால் தோலில் கறை படியும், கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும். தட்டையான சில இனங்கள் சயனைடையே உண்டாக்குகின்றன. ஐரோப்பியக் காடுகளில் உருண்டை மரவட்டை ஒன்று உண்டு; அதன் வழி எல்லாவற்றையும்விட விசித்திரமானது. ஹைடல்பெர்க் பல்கலைக்கழக வேதியியலாளர் ஹெர்மன் ஷில்ட்க்னெஷ்ட் 1960-களில் அதன் சுரப்பை ஆராய்ந்தார். அதே காலத்தில் அமெரிக்காவிலும் அந்த ஆய்வு நடந்தது. குளோமெரின் என்ற அந்தப் பொருள் ஓநாய்ச் சிலந்தியின் வாய்க்குள் போனால், சிலந்தி நாள் கணக்கில் மயங்கிக் கிடக்கும். மனிதர்கள் தூக்க மாத்திரையாகப் பயன்படுத்திய ஒரு மருந்தின் மூலக்கூறுக்கும் இதற்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட மரவட்டை இனங்கள் சுமார் 12,000. ஜெர்மனியில் ஏறத்தாழ 150. எண்ணிக்கை சிறிது, அங்கே நடந்த ஆய்வோ பெரிது. கார்ல் வில்ஹெல்ம் ஃபெர்ஹோஃப் (1867–1944) என்ற விலங்கியலாளர் தன் வாழ்நாளை மரவட்டை, பூரான் வகைகளுக்கே கொடுத்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய வகைகளை விவரித்தார். இனங்களைப் பிரித்தறிய ஆண் மரவட்டையின் இனச்சேர்க்கைக் கால்களை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். வெளியே ஒன்றுபோல் தெரிபவை அங்கேதான் வேறுபடும். இப்போது மியூனிக்கிலும் பொன் நகரிலும் உள்ள அருங்காட்சியகங்கள் மரபணுத் துணுக்குகளைக் கொண்டும் இனங்களை அடையாளம் காண்கின்றன.

பொன் நகரின் கோனிக் அருங்காட்சியகத்துக்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கே பணியாற்றும் தோமஸ் வெசெனர், ராட்சத உருண்டை மரவட்டைகளில் வல்லவர். தொட்டால் கெட்டியான கோலிகுண்டு போல உருண்டுகொள்ளும் இவை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கின்றன. இவற்றின் நெருங்கிய சொந்தங்கள் இருப்பது மடகாஸ்கரில். மடகாஸ்கர் வகைகளில் ஒரு பிரிவு, தன் தீவில் உள்ள மற்ற வகைகளைவிட நம் மலை மரவட்டைகளுக்கே நெருக்கமானது. கடலைக் கடக்க முடியாத உயிருக்கு இந்த உறவு எப்படி வந்தது? இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் எச்சம் இது.

பழமையில் அதையும் விஞ்சும் ஒன்று ஜெர்மனியின் நிலக்கரியில் கிடைத்தது. சார்ப்ரூக்கன் பகுதியில் எடுக்கப்பட்ட புதைபடிவத்துக்கு 1854-இல் ஆர்த்ரோப்ளூரா என்று பெயரிட்டார்கள். அப்போது அதை இறால், நண்டு வகையோடு சேர்த்திருந்தார்கள். உண்மையில் அது 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரவட்டைக் குடும்பத்து உயிர். இங்கிலாந்தில் கிடைத்த துண்டை வைத்து அதன் நீளம் இரண்டரை மீட்டருக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டுள்ளார்கள். 2024-இல்தான் பிரான்சில் கிடைத்த படிவங்களிலிருந்து அதன் தலையின் வடிவம் தெரிந்தது.

இன்றைய மரவட்டை செய்யும் வேலை காட்டுக்கு அடிப்படையானது. தின்ற இலையில் சிறு பங்குதான் அதன் உடலில் சேரும். மீதி நொறுங்கிய எச்சமாக வெளியேறும். பூஞ்சையும் பாக்டீரியாவும் அதில் விரைவாகக் குடியேறி இலையின் சத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும். ராட்சத உருண்டை மரவட்டையைக் கொண்டு தோட்டக் கழிவுகளை உரமாக்கலாம் என்று மங்களூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மருந்து தெளித்தால் இந்த உயிர் மட்டும் சாவதில்லை, மண்புழு தொடங்கி மண்ணில் உழைக்கும் மற்றவையும் சேர்ந்தே போகும்.

நம் ஊரில் ரயில்பூச்சி என்றும் அழைக்கப்படும் இந்த மரவட்டை மழைக்காலத்தில் வீட்டுக்குள் வந்தால் உப்பையும் மண்ணெண்ணெயையும் தேடுகிறோம். தேவையில்லை. துடைப்பத்தால் முறத்தில் தள்ளி, தோட்டத்துச் சருகில் கொட்டிவிடுங்கள். கதவிடுக்கை அடைத்து, வீட்டுச் சுவரை ஒட்டிக் கிடக்கும் ஈரக் குப்பையைத் தள்ளிப் போடுங்கள். வெறுங்கையால் தொட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.