கலையும் கோலம், கலையாத கவனம்

விடியலுக்கு முன் வாசலைப் பெருக்கி, சாணம் கரைத்த நீரைத் தெளித்து, அந்த ஈரம் முழுதும் உலர்வதற்குள் கோலமிட்டு முடிப்பது, தமிழகத்தின் சிற்றூர்களிலும் நகரங்களின் பழைய தெருக்களிலும் இன்றும் நாள்தோறும் நடைபெறும் செயலாகும். மார்கழி மாதத்துப் பெருங்கோலங்களும் அவற்றின் நடுவே சாண உருண்டையில் செருகப்படும் பரங்கிப்பூவும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. எனினும் இக்கலையின் உண்மையான உயரத்தை, விசேஷம் எதுவுமற்ற ஒரு புதன்கிழமைக் காலையில், அடுப்பில் உலை வைப்பதற்கு முன் இட்டு முடிக்கப்படும் சிறு கோலத்திலேயே காண முடியும்.

கோலமாவுக்கென ஊறவைத்து உலர்த்திய பச்சரிசியைச் சற்றே நறநறப்பாக அரைப்பது வழக்கம். மிக நைசாக அரைபட்ட மாவு விரலில் ஒட்டிக்கொண்டு கோட்டைத் திட்டுத்திட்டாக்கிவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எடுத்த மாவு, அவ்விரண்டும் மெல்ல உரசும்போது இழையாக இறங்குகிறது. பிடி இறுகினால் இழை அறுபடுகிறது, தளர்ந்தால் மாவு கொட்டிவிடுகிறது, கையின் வேகம் மாறினால் கோட்டின் தடிமனும் மாறுகிறது. ஈரத் தரையில் விழுந்த மாவைத் துடைத்துத் திருத்த முற்பட்டால் அந்த இடமே வெளுத்துக் கறையாகிவிடுவதால், போடும் கை போடும் கணத்திலேயே சரியாக இருந்தாக வேண்டும். மனத்தை ஒருமுகப்படுத்துமாறு இங்கே எவரும் போதிப்பதில்லை. மாவும் ஈரமுமே அதைக் கேட்டு வாங்கிவிடுகின்றன.

புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து செல்லும் சிக்குக் கோலத்தில் இக்கவனம் இன்னும் கூர்மையடைகிறது. இதற்குப் புள்ளி வைக்கும் முறைகளுள் ஒன்றான இடைப்புள்ளி என்பது, ஒரு வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவில் வருமாறு அடுத்த வரிசையின் புள்ளியை வைக்கும் முறையாகும். ‘7 முதல் 4 வரை’ என்றால், நடு வரிசையில் 7 புள்ளிகள் வைத்து, மேலும் கீழும் 6, 5, 4 எனக் குறைத்து, மொத்தம் 37 புள்ளிகளை நிறுத்துவதாகும். எப்புள்ளியும் விடுபடாமல், போன தடத்திலேயே மீண்டும் போகாமல், கோடு தொடங்கிய இடத்திற்கே வந்து சேர வேண்டும். ஓரிடத்தில் குறுக்கே கடக்க வேண்டிய கோடு மறதியாக வளைந்து திரும்பிவிட்டால், ஒரே இழையாக முடிய வேண்டியது இரண்டு தனி வளையங்களாகப் பிரிந்துவிடக்கூடும். அப்பிழை கடைசிச் சுற்றில்தான் தெரியவரும். இந்த ஒழுங்கின் ஆழம் அறிஞர்களையும் ஈர்த்தது. கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, குறியீடுகளைக் கட்டங்களில் நிரப்பிப் படங்களை உருவாக்கும் விதித்தொகுப்புகளைக் கோலத்தோடு இணைத்து ஆராய்ந்தது. கணினியியல் கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகத் தக்க ஒன்றைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வாசலில் குனிந்து செய்துவந்திருக்கின்றனர் என்பது, அவர்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்ட மதிப்பை இனியேனும் வழங்கியாக வேண்டும் என்பதற்குப் போதிய காரணமாகும்.

இவ்வளவு நேர்த்தியாக முடிக்கப்பட்டதை எறும்பும் அணிலும் உண்ண, நடப்பவர் காலும் வண்டிச் சக்கரமும் பகலுக்குள் கலைத்துவிடுகின்றன. போட்டவரும் அதைக் காக்க முற்படுவதில்லை. நிலைத்திருப்பதையே முழுமையின் அடையாளமாகக் கொள்ளும் எண்ணம் இங்கே பொருந்தாது. இழை வந்து கூடிய அக்கணத்திலேயே கோலம் முழுமை பெற்றுவிடுகிறது.

அடுக்குமாடி வீடுகளின் நிலைப்படியில் ஒட்டப்படும் கோல ஸ்டிக்கரையும், மாவை நிரப்பி உருட்டினால் வடிவம் பதியும் குழலையும், வேலைக்கு விரையும் பெண்கள் நாடுவதைக் குறைகூற இயலாது, ஏனெனில் அந்த அதிகாலை உழைப்பை வீட்டின் பிறர் பகிர்ந்துகொள்ள முன்வந்ததில்லை. ஆயினும் அவற்றில் வடிவம் மட்டுமே எஞ்சுகிறது. பழைய கோல நோட்டுகளும் முடிந்த உருவத்தையே காட்டுகின்றன. கை எங்கே தொடங்கி எவ்வழியே சென்றது என்பதை, இடுபவர் அருகில் குந்தியமர்ந்து பார்க்கும் சிறுமியும், இனி சிறுவனும், கண்ணால்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.