ஐந்தருவியில் ஒரு புட்டிங் கிரீன்: அரை சென்ட் கணக்கு

வெளிநாட்டில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய உறவினர் ஒருவர், ஐந்தருவி ரோட்டில் வீடு கட்டியிருக்கிறார். பின்பக்கம் அரை சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. "அதில ஒரு புட்டிங் கிரீன் போடலாமா, நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே, பார்த்துச் சொல்லுடே" என்றார். அவருக்காகச் சேர்த்த குறிப்புகள் இவை.

முதலில், அது என்ன என்று தெரியாதவர்களுக்கு. கோல்ஃபில் பந்தைத் தூக்கி அடிப்பது ஒரு வேலை; குழிக்குப் பக்கத்தில் வந்தபின் மெல்லத் தட்டி உருட்டி உள்ளே விழவைப்பது இன்னொரு வேலை. இந்த உருட்டல்தான் புட்டிங். அதற்கான வழவழப்பான தரைதான் கிரீன். நம்மூர்ப் பையன்கள் தெருவில் குழி தோண்டி கோலி ஆடும்போது தரையைக் கையால் தேய்த்துச் சமப்படுத்துவார்களே, அதே தேவைதான்.

பலரும் கிரீன் என்றால் நல்ல புல் என்று நினைக்கிறார்கள். அடிப்படையில் அது ஒரு வடிகால். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட கட்டுமான முறை பின்னர் பல திருத்தங்கள் கண்டாலும் சாரம் மாறவில்லை: அடியில் வடிகுழாய், அதற்கு மேல் 4 அங்குலம் சல்லி, அதற்கு மேல் 12 அங்குலம் மணல் கலவை. புல் அந்த மணலில்தான் வளர்கிறது.

அரை சென்ட் என்பது 218 சதுர அடி. ஓர் அடி உயரத்துக்கு மணல் போட்டால் 218 கன அடி, அதாவது இரண்டே கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. எடையில் ஏறத்தாழ 10 டன். சல்லி முக்கால் யூனிட் தனி. ஒரு சின்ன விளையாட்டுத் தரைக்கு இவ்வளவு மணலா என்று கொத்தனாரே கேட்பார்.

அடுத்தது புல். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. வெப்ப நாடுகளின் கிரீன்களில் பெருவாரியாக இருப்பது பெர்முடா புல். அதுதான் நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்! அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவுக்காரப் புல் ஒன்றையும் இணைத்து 1956-இல் டிஃப்கிரீன் என்ற ரகத்தை வெளியிட்டார்கள். 1965-இல் அதைவிடக் குட்டையான டிஃப்ட்வார்ஃப் வந்தது. இவை விதை பிடிக்காது. தண்டைத் துண்டாக்கித்தான் நடவேண்டும்.

அருகுதானே, வெட்டினாலும் சாகாது, நம்மூரில் தானே வளரும் என்று தோன்றும். இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, கிரீனில் புல்லை 3, 4 மில்லிமீட்டர் உயரத்தில் வைக்கவேண்டும். அதற்கு உருளைக் கத்தி மெஷின் வேண்டும், வளரும் பருவத்தில் அநேகமாக தினமும் வெட்டணும். இரண்டு, அருகுக்கு முழு வெயில் வேண்டும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் வந்து இறங்கி, சாரல் விடாமல் அடிக்கிற இடம் இது. அந்த நாட்களில் இவ்வளவு ஒட்ட வெட்டிய புல் மெலியும், பூஞ்சை பிடிக்கும்.

பூஞ்சை வந்தால் மருந்து. மணலில் சத்து தங்காது, அதனால் அடிக்கடி உரம். இங்கேதான் நான் யோசித்தேன். அரை சென்டில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 20 லிட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் 2,000 லிட்டர். அத்தனையையும் கீழே இறக்கத்தான் 10 டன் மணல் போட்டிருக்கிறோம். தண்ணீரோடு உரமும் இறங்கும். அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகலாம், ஓடைக்கும் போகலாம். ஐந்தருவியாறு சிற்றாற்றில் சேர்கிறது, சிற்றாறு தாமிரபரணியில் சேர்கிறது. ஒரு வீட்டுக் கிரீனால் ஆறு கெட்டுவிடாது, சரி. ஆனால் கிணறு பக்கத்திலேயே இருக்கிறதே. கோடையில் கதை தலைகீழ். நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலே தினம் 100 லிட்டர் தண்ணீர் ஊற்றவேண்டும்.

அப்போ செயற்கைப் புல்? வெட்டவேண்டாம், உரம் வேண்டாம். ஆனால் அது பிளாஸ்டிக். நேர் வெயிலில் இவ்வகைத் தரைகளின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அளக்கப்பட்டிருக்கிறது. சாரல் காலத்தில் நிழல் பக்கம் பாசி பிடிக்கும். தேய்ந்த இழைகள் மழைத் தண்ணீரோடு போகும். கடைசியில் சுருட்டிக் குப்பையில்தான் போடணும்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, இப்போது யாரும் பேசுவதில்லை. ஊட்டி, கொடைக்கானல் மாதிரிக் குளிர்ந்த இடங்களை விட்டுவிட்டால், தண்ணீர் வசதி இல்லாத பழைய இந்திய கோல்ஃப் மைதானங்கள் பலவற்றில் கிரீனே கிடையாது. அதற்குப் பதில் பிரவுன். இறுக்கிய தரைமேல் மெல்லிய மணல். ஆட்டத்துக்கு முன் இழுத்துச் சமப்படுத்திவிட்டு ஆடுவார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட சிற்றூர்களிலும் கனடாவின் புல்வெளிப் பகுதிகளிலும் இதே வழக்கம் உண்டு. மணல் பறக்காமலிருக்க எண்ணெய் கலப்பார்கள். கிணறு இருக்கும் நம் வீடுகளில் அது மட்டும் கூடவே கூடாது.

அவருக்கு நான் எழுதிக்கொடுத்தது இதுதான்:

மேல்மண்ணை எடுத்துவிட்டு 4 அங்குலம் சரள் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிக்கவும். டியூப் லெவல் வைத்து ஒரு பக்கமாக 2 சதவீதம் சரிவு கொடுக்கவும். அதாவது 5 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். தாழ்ந்த பக்கம் சல்லி நிரப்பிய சின்ன வாய்க்கால். மேலே சலித்த மணல் அரை அங்குலத்துக்குள். சாக்கை இழுத்தால் சமமாகிவிடும். பேய்மழைக்கு மணல் அரிக்கும், தார்ப்பாய் போட்டு மூடணும்.

குழியின் விட்டம் விதிப்படி 108 மில்லிமீட்டர், ஆழம் குறைந்தது 4 அங்குலம். பிளம்பர் கடையில் கிடைக்கும் 110 மில்லிமீட்டர் பிவிசி பைப் துண்டே போதும். உள்விட்டம் கொஞ்சம் குறையும், பயிற்சிக்கு அது நல்லதுதான். அடியைத் திறந்து சல்லியில் உட்காரவைக்கவும். தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

அந்த 2 சதவீதம் வடிகாலுக்கு மட்டுமல்ல, ஆட்டத்துக்கும் உதவும். சமதரையில் 8 அடி ஓடி நிற்கும் பந்து, அதே வேகத்தில் விட்டால் இந்தச் சரிவில் இறக்கமாக 10 அடி ஓடும், ஏற்றமாக ஆறரை அடியில் நின்றுவிடும். இது பௌதிகச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்த கணக்கு. மணலின் தன்மையைப் பொறுத்துக் கூடக்குறைய இருக்கும்.

"பச்சையா இல்லியேடே" என்பதுதான் அவருடைய ஒரே குறை. பச்சைக்குத்தான் சுற்றிலும் மலை இருக்கிறதே. பின்பக்க அரை சென்ட் மண் நிறத்திலேயே இருக்கட்டும். பந்து உருளும், கிணற்றுத் தண்ணீரும் குடிக்கிற மாதிரி இருக்கும்.