காதைப் பார்த்தீர்களா?

சூளகிரி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மாப்பிள்ளை ஊர்வலத்தில் பேண்டு அடிக்கத் தொடங்கியதும் குதிரை காதைப் பிடரியோடு ஒட்டிக்கொண்டது. கோபமா, பயமா?"

ஓசூர்ப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். அங்குள்ள மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824இல் தொடங்கப்பட்டதே ராணுவத்துக்குக் குதிரை தயார்செய்யத்தான். பிற்காலத்தில் கத்தியவாரிக் குதிரைகளும் அங்கே வளர்ந்தன. கத்தியவாரியை எட்ட நின்றே கண்டுபிடித்துவிடலாம்: இரண்டு காதும் உள்நோக்கி வளைந்து, நுனிகள் தொட்டுக்கொள்ளும்.

எனக்குக் குதிரையில் பிடித்ததே அந்தக் காதுதான். நம் காதைச் சுற்றி ஒன்றுக்கும் உதவாத மூன்று தசைகள். குதிரையின் ஒரு காதை ஆட்டப் பத்துத் தசைகள். ஒரு காது முன்னே போகிறவரைக் கவனிக்கும்போதே இன்னொன்று பின்னால் உட்கார்ந்திருப்பவரைக் கவனிக்கும். கேட்பதற்கு மட்டுமல்ல, காட்டுவதற்கும் அதுதான். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் வாத்தன், கேரன் மெக்காம்ப் இருவரும் 2014இல் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு தீவன வாளிகள். அவற்றில் ஒன்றைப் பார்க்கும் குதிரைத் தலையின் படம், அசல் அளவில். வந்த குதிரைகள் பெரும்பாலும் படத்துக் குதிரை பார்த்த வாளிக்கே போயின. படத்தில் காதை மூடியதும் குழம்பின. கண்ணை மூடினாலும் அதே கதை.

எனக்கு அது வியப்பாக இல்லை. சிப்காட்டில் பிரஸ் ஷாப்பில் இருந்த காலத்தில், இரைச்சலுக்கு நடுவே சூப்பர்வைசரின் புருவத்தைப் பார்த்துத்தான் வேலை நடந்தது. கொரோனா வந்து எல்லார் முகத்திலும் முகக்கவசம் ஏறியபோது பாதிப் பேச்சு நின்றுபோனது.

சரி, கோபமா பயமா? காது தளர்வாகப் பின்னால் திரும்பினால் சவாரிக்காரரைக் கேட்கிறது என்று பொருள். பிடரியோடு ஒட்டினால் பெரும்பாலும் எரிச்சல், 'கிட்டே வராதே'. ஆனால் வலியிலும் காது விறைத்துப் பின்னால் போகும். மிலான் ஆய்வாளர்கள் காயடிக்கப்பட்ட குதிரைகளைக் கவனித்து 2014இல் ஒரு வலி அளவுகோல் வகுத்தார்கள். விறைத்த காது, இடுங்கிய கண், இறுகிய வாய், விடைத்த நாசி உட்பட ஆறு குறிகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். அதனால் காதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எச்சிலில் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்தும் மன அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். ஓடினாலே அது ஏறிவிடும் என்பதால் நான் முகத்தையே நம்புவேன்.

நாமோ அந்த முகத்தில் சரிகைப்பட்டை கட்டி, காதுக்குக் குஞ்சம் வைத்த உறை மாட்டுகிறோம். பேசுகிற வாயைத் துணியால் அடைப்பது போலத்தான்.

இன்னொன்று. குதிரையின் இரைப்பை தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரக்கும். அதை ஆற்றும் எச்சிலோ மென்றால்தான் ஊறும். மேயவேண்டிய பிராணியை மணிக்கணக்கில் வெறும் வாயோடு நிறுத்தினால் வயிறு புண்ணாகும். மாப்பிள்ளை இறங்கிப் பந்திக்குப் போன பிறகு குதிரை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பல மண்டபங்களில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில்தான். முன்னால் ஒரு கட்டுப் புல்கூட இருக்காது.

அங்கே போய், அந்த உறையை ஒரு நிமிடம் கழற்றச் சொல்லி, காது எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.