சோக்டா மக்கள் அனுப்பிய 170 டாலர்!

ஹலிட்டோ, குழந்தைகளே!

என்ன, புது வார்த்தையாக இருக்கிறதா? அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஒருவரான சோக்டா மக்கள் இப்படித்தான் வணக்கம் சொல்வார்கள். தங்கள் மொழியில் அவர்கள் தங்களைச் 'சாஹ்டா' என்று அழைத்துக்கொள்கிறார்கள். நம் பழைய பாடப்புத்தகங்களில் எல்லாரையும் சேர்த்துச் 'செவ்விந்தியர்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டோம். ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான இனத்தார் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனி மொழி, தனிக் கதை, தனிச் சமையல். அவரவர் பெயரைச் சொல்லி அழைப்பதுதான் மரியாதை, இல்லையா?

சோக்டா மக்களின் சொந்த மண், இன்றைய மிசிசிப்பி மாநிலமும் அதை ஒட்டிய அலபாமா, லூசியானா மாநிலங்களின் பகுதிகளும்தான். மிசிசிப்பியில் 'நானி வாயா' என்று ஒரு மண்மேடு இருக்கிறது. உயரம் சுமார் 25 அடி. பல நூற்றாண்டுகளுக்கு முன் மனிதர்கள் கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி எழுப்பிய மேடு அது. "எங்கள் இனத்துக்கே தாய் இந்த மேடுதான்" என்பார்கள் சோக்டா பெரியவர்கள். கைவிட்டுப் போயிருந்த அந்த மேடு, 2008-ல்தான் மிசிசிப்பி சோக்டா மக்களுக்கே திரும்பக் கிடைத்தது.

இவர்களுடைய முக்கிய உணவு மக்காச்சோளம். அவர்கள் மொழியில் 'தாஞ்சி'. அது எப்படிக் கிடைத்தது என்பதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கேளுங்கள்.

இரண்டு வேடர்கள் காட்டில் பல நாள் அலைந்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு பருந்து. இரவில் அதை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தபோது, புறா முனகுவது போல ஒரு சோகக் குரல் கேட்டது. நிலா வெளிச்சத்தில் பார்த்தால், பக்கத்து மேட்டின் மேல் ஒரு பெண் நிற்கிறாள். "பசிக்கிறது" என்றாள். வேடர்களுக்கும் கொலைப்பசிதான். ஆனாலும் பருந்துக் கறி முழுவதையும் அவளிடம் நீட்டிவிட்டார்கள். அவள் சிறிதளவே தின்றுவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள். "கோடைக்காலத்தின் நடுவில் இதே இடத்துக்கு வாருங்கள்" என்று சொல்லி மறைந்துபோனாள். சொன்ன நாளில் போய்ப் பார்த்தால் அவளைக் காணோம். அவள் நின்ற இடத்தில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு செடி. அதுதான் மக்காச்சோளம்! அந்தப் பெண்ணை 'ஒஹோயோ ஓஷ் சிஸ்பா', அதாவது 'யாரென்று தெரியாத பெண்' என்கிறார்கள்.

இந்தக் கதையை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேலை இருக்கிறது.

சோளத்தைச் சமைப்பதில் சோக்டா பெண்கள் பெரிய கெட்டிக்காரிகள். விறகு எரித்த சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடிகட்டுவார்கள். அந்தச் சாம்பல் தண்ணீரில் முற்றிய சோளத்தைப் போட்டு வேகவைத்தால் மேல்தோல் தானாகக் கழன்றுவிடும். பிறகு நன்றாக அலசுவார்கள். (நீங்களாக இதைச் செய்து பார்க்காதீர்கள். சாம்பல் காரம் கையைப் புண்ணாக்கிவிடும்.)

தோல் நீக்குவதற்கு இவ்வளவு பாடா என்று நினைக்காதீர்கள். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருக்கிறது. ஆனால் பூட்டி வைத்த பெட்டியில் இருப்பது போல, நம் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவிதான் சாம்பல் தண்ணீர்! பூர்வகுடிகளிடமிருந்து சோளத்தை வாங்கிக்கொண்ட வெள்ளையர் பலர், இந்தப் பக்குவத்தை வாங்கிக்கொள்ளவில்லை. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில், சோளமாவையே பெரும்பாலும் தின்று வாழ்ந்த ஏழைகளுக்குப் 'பெல்லக்ரா' என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அது தொற்றுநோய் அல்ல, உணவில் உள்ள குறையால் வருவது என்று நிரூபிக்க கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1914 முதல் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. மருந்தோ, அதே மாநிலங்களில் பூர்வகுடிகளின் அடுப்படியில் எப்போதோ இருந்தது.

தோல் நீக்கிய சோளத்தைப் பன்றி இறைச்சியுடன் பெரிய இரும்புக் கொப்பரையில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் 'தாஞ்சி லபோனா'. திருவிழா, இழவு வீடு, எங்கே கூட்டம் கூடினாலும் இது உண்டு. இன்னொன்று 'பனாஹா'. சோளமாவைச் சுடுநீர் விட்டுப் பிசைந்து, சில சமயம் பயறும் சேர்த்து, சோளக்கதிரின் மடலில் பொதிந்து கட்டி, கொதிநீரில் வேகவைப்பார்கள். மடலைப் பிரித்தால் ஆவி பறக்கும். லூசியானாவில் வாழ்ந்த சோக்டா பெண்கள் சாஸஃப்ராஸ் என்ற மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்து, நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் விற்பார்கள். அந்த ஊரின் புகழ்பெற்ற 'கம்போ' குழம்பைக் கெட்டியாக்குவதற்கு இன்றும் அந்தப் பொடியைத் தூவுகிறார்கள்.

இப்படி வாழ்ந்தவர்களுக்குத்தான் 1830-ல் இடி விழுந்தது. பருத்தி பயிரிட நிலம் வேண்டும் என்று வெள்ளையர் துடித்தார்கள். ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனாதிபதியாக இருந்தபோது, பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்ப ஒரு சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் போட்ட ஒப்பந்தத்தில் சோக்டா மக்கள் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஏக்கர் நிலத்தை இழந்தார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் இவர்கள்தான்.

1831-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பயணம் தொடங்கியது. மெம்ஃபிஸ் நகரில் அவர்கள் ஆற்றைக் கடந்ததை டொக்வில் என்ற பிரெஞ்சுக்காரர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். கைக்குழந்தைகள், நோயாளிகள், சாகும் தறுவாயில் கிழவர்கள். ஒருவரும் அழவில்லை, பேசவில்லை. படகில் தங்களுக்கு இடமில்லை என்று தெரிந்ததும், கரையில் விடப்பட்ட அவர்களுடைய நாய்கள் ஊளையிட்டுக்கொண்டே பனிக்கட்டி மிதந்த ஆற்றில் குதித்துப் பின்னால் நீந்தினவாம். இதைப் படித்தபோது என்னால் சற்று நேரம் அடுத்த பக்கத்தைப் புரட்ட முடியவில்லை.

வழியில் பனிப்புயல். ஒரு கட்டத்தில் ஆளுக்கு ஒரு நாள் உணவு என்ன தெரியுமா? ஒரு கைப்பிடி வேகவைத்த சோளம், ஒரு டர்னிப் கிழங்கு, இரண்டு குவளை சுடுநீர். பசியாலும் குளிராலும் காலராவாலும் இறந்தவர்கள் சுமார் 2,500 பேர் என்கிறார்கள். அந்த நிலையிலும் சிலர் விதைகளைப் பத்திரமாக எடுத்துச் சென்றார்கள் என்று சோக்டா குடும்பங்களில் இன்றும் சொல்வதுண்டு.

போய்ச் சேர்ந்த இடம்தான் இன்றைய ஓக்லஹோமா. அந்தப் பெயரே சோக்டா சொல்! 'ஓக்லா' என்றால் மக்கள், 'ஹும்மா' என்றால் சிவப்பு. 1866-ல் ஆலன் ரைட் என்ற சோக்டா தலைவர் சூட்டிய பெயர் அது.

இப்போது கடலைத் தாண்டி அயர்லாந்துக்கு வாருங்கள். அங்கே ஏழைகளுக்கு மூன்று வேளையும் உருளைக்கிழங்குதான். 1845-ல் ஒரு கருகல் நோய் வந்து கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகின. அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். பிரிட்டிஷ் அரசு அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது என்ன தெரியுமா? மக்காச்சோளம்! அதை எப்படிப் பக்குவம் செய்வது என்று அயர்லாந்து மக்களுக்குத் தெரியவில்லை. அரைவேக்காட்டில் தின்று வயிற்றுவலியால் துடித்தார்கள்.

பஞ்சச் செய்தி ஓக்லஹோமாவுக்கும் எட்டியது. 1847 மார்ச் 23-ஆம் தேதி ஸ்கல்லிவில் என்ற ஊரில் சோக்டா மக்கள் கூடினார்கள். அங்கிருந்த பாதிரியார்களும் வியாபாரிகளும் சேர்ந்துகொள்ள, 170 டாலர் திரண்டது. (சில புத்தகங்களில் 710 என்று இருக்கும், எண் இடம் மாறிவிட்டது.) இன்றைய மதிப்பில் அது பல ஆயிரம் டாலர். அயர்லாந்தை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. சொந்த வீட்டையும் வயலையும் இழந்து 16 வருடம்தான் ஆகியிருந்தது.

பருந்துக் கறியை நீட்டிய வேடர்கள் ஞாபகம் வருகிறார்களா?

அயர்லாந்து மறக்கவில்லை. கார்க் மாவட்டத்தில் மிடில்டன் என்ற ஊரில் ஒரு பூங்கா. அங்கே துருப்பிடிக்காத எஃகில் செய்த ஒன்பது கழுகு இறகுகள், ஒவ்வொன்றும் 20 அடி உயரத்தில், வட்டமாக நிற்கின்றன. எட்டி நின்று பார்த்தால் ஒரு பெரிய காலிக் கிண்ணம் போலத் தெரியும். 2017-ல் அதன் திறப்பு விழாவுக்குச் சோக்டா தலைவரே நேரில் போனார். 2020-ல் கொரோனா காலத்தில் அமெரிக்காவின் நவாஹோ, ஹோப்பி பூர்வகுடிகள் தவித்தபோது, அயர்லாந்து மக்கள் ஆயிரக்கணக்கில் பணம் அனுப்பினார்கள். கூடவே, "1847-ல் சோக்டா மக்கள் செய்த உதவிக்காக" என்று குறிப்பும் எழுதினார்கள்.

சோக்டா மாணவர்கள் அயர்லாந்தில் மேல்படிப்புப் படிக்க 2018-ல் அயர்லாந்து அரசு ஓர் உதவித்தொகையை அறிவித்தது. அதைப் பெறுபவர்கள் படிக்கப் போவது கார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்கு. அந்த எஃகு இறகுகள் நிற்கும் ஊர் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

நன்றிக்குச் சோக்டா மொழியில் என்ன சொல்வார்கள் என்று கேட்கிறீர்களா? 'யக்கோகே!'