ஓட்டுநர் அறையின் வெப்பம்

திருச்சிராப்பள்ளியின் சித்திரை வெயிலைப் பற்றி இவ்வூர் நேயர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்கினி நட்சத்திர நாள்களில் வெப்பமானி 40 டிகிரியைத் தாண்டுவது இங்கு வழக்கமே. நாமெல்லாம் நிழல் தேடி ஒதுங்கும் அவ்வேளையில், காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிச் செல்பவரும், ஸ்ரீரங்கத்துப் பூச்சந்தையிலிருந்து பூக்கூடைகளை ஏற்றிச் செல்பவரும் ஒரு சிறிய தகர அறைக்குள் அமர்ந்து வண்டி ஓட்டுகின்றனர். அவ்வறை வெளியைவிடச் சூடாக இருப்பது ஏன்? அந்தச் சூடு எவ்வழியாக உள்ளே நுழைகிறது? அதைத் தேடிப் பிடிப்பது எங்ஙனம்? மாணவர்களே, நீங்கள் பாடப் புத்தகத்தில் பயிலும் வெப்பவியல் முழுவதும் அந்த அறைக்குள் அடங்கியிருக்கிறது.

நம் ஊரார் ‘குட்டி யானை’ என்று செல்லமாக அழைக்கும் சிறு சரக்கு வண்டி 2005ஆம் ஆண்டில் ‘டாட்டா ஏஸ்’ என்னும் பெயரில் வெளிவந்தது. பின்னர் வேறு நிறுவனங்களும் அதே அளவில் வண்டிகள் செய்தன. செல்லப் பெயர் மட்டும் பொதுப் பெயராக நிலைத்துவிட்டது. குறுகிய சந்துகளில் புகுந்து திரும்ப வேண்டிய வண்டிக்கு நீண்ட மூக்கு உதவாது. ஆதலால் இவ்வகை வண்டிகள் பலவற்றில் எஞ்சினை இருக்கைக்கு அடியிலேயே வைத்திருக்கின்றனர். பழைய பேருந்துகளில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின்மேல் உட்கார்ந்து பயணம் செய்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். எரியும் டீசலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதியில் பெரும்பகுதி ரேடியேட்டர் நீர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. ஆக, ஓட்டுநர் ஓர் அடுப்பின்மேல் பலகை போட்டு அமர்ந்திருக்கிறார் என்றே கொள்ளலாம்.

இரண்டாவது அடுப்பு தலைக்கு மேலே உள்ளது. தெளிந்த உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 1000 வாட் அளவு கதிரவனின் ஆற்றல் விழுகிறது. முன்கண்ணாடி அதன் ஒளியைத் தாராளமாக உள்ளே விடும். உள்ளே சூடேறிய கருநிறப் பலகையும் இருக்கையும் திருப்பி வீசும் கதிர்கள் வேறு இனத்தவை. அவை கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்கள். வில்லியம் ஹெர்ஷல் 1800ஆம் ஆண்டில், ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் இருண்ட இடத்தில் வெப்பமானியை வைத்துக் கண்டறிந்தவை இவ்வினக் கதிர்களே. பலகை வீசும் இக்கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. அத்துடன், சூடேறிய காற்று வெளியேற வழியின்றி மூடிய அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வண்டி வெயிலில் நின்று வேகும் காரணம் இதுதான்.

அடுப்பு இரண்டு என்றால், குற்றவாளி எது என்று முதலில் தெரிய வேண்டும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு வற்புறுத்திக் கூறியது ஒன்று உண்டு: விடையைத் தேடுமுன் வினாவைப் பிரித்துக்கொள். என் பழைய மாணவர் ஒருவர் வாழைத்தார் ஏற்றும் சிறு வண்டி வைத்திருக்கிறார். அது எந்த நிறுவனத்தின் வண்டி என்பது நமக்கு வேண்டாத செய்தி. சென்ற கோடையில் அவர் என்னிடம் வந்து, “ஐயா, உட்கார முடியவில்லை, தொடை வேகிறது” என்றார். ரேடியேட்டரை மாற்று என்று ஒருவரும், கண்ணாடிக்குக் கருந்தாள் ஒட்டு என்று மற்றொருவரும் அவருக்கு யோசனை கூறியிருந்தனர். இரண்டும் செலவு, இரண்டும் ஊகம்.

“எந்த நேரத்தில் சூடு?” என்று கேட்டேன். விடியற்காலை நான்கு மணிக்குச் சந்தைக்குப் போகும்போதும் சூடு இருக்கிறது என்றார். அந்த ஒரு விடையில் கதிரவன் விடுதலை பெற்றுவிட்டான்! கருந்தாள் வாங்கியிருந்தால் பணம் வீண். அடுத்து, எஞ்சினின் வெப்பத்தைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்றேன். எப்போதும் நடுவில்தான் என்றார். எனவே எஞ்சின் நலமாக இருக்கிறது; ரேடியேட்டரின்மேல் பழி போட இடமில்லை. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவது ஒரு நோய். எஞ்சினின் இயல்பான சூடு அறைக்குள் கசிவது வேறொரு நோய். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் மிகப் பலர்.

கசிவு என்றால் அதற்கு ஒரு வாயில் இருந்தே தீர வேண்டும். அதைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இரவில் எஞ்சினை நிறுத்தி, அது ஆறிய பிறகு, வண்டிக்கு அடியிலிருந்து எஞ்சின் பக்கமாக ஒரு டார்ச் விளக்கை எரியவிட்டோம். அறைக்குள் அமர்ந்து பார்த்தபோது, இருக்கையின்கீழ் எஞ்சின் மூடியின் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு ஒளிக்கோடு தெரிந்தது. கியர்க் கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் உறையிலும் ஒரு வெடிப்பு ஒளிர்ந்தது. ஒளி புகும் இடத்தில் காற்று புகாதா? வண்டி ஓடும்போது எஞ்சினைத் தழுவிச் சூடான காற்று அவ்வழிகளாகத்தான் மேலேறி வந்திருக்கிறது. மூடியைக் கழற்றிப் பார்த்ததில், அதன் அடியில் ஒட்டியிருக்க வேண்டிய பளபளப்பான அலுமினியத் தாள் போர்த்த மெத்தையில் பாதியைக் காணவில்லை. எப்போதோ பழுது பார்த்தவர்கள் அதைக் கழற்றி, மீண்டும் பொருத்தாமல் விட்டிருக்கலாம்.

இந்த மெத்தையின் தொழில் சுவையானது. அதன் பளபளப்பு எஞ்சின் வீசும் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. 1892ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டூவர் அமைத்த இரட்டைச் சுவர்க் குடுவை, அதாவது நாம் காப்பி எடுத்துச் செல்லும் பிளாஸ்க், உட்புறம் வெள்ளிப்பூச்சுப் பெற்றிருப்பதும் இதே காரணத்தால்தான். மெத்தையின் இழைகளுக்கிடையே சிக்கி நிற்கும் காற்றோ கடத்தலைத் தடுக்கிறது. பனிக்கட்டியை உமியில் புதைத்துச் சாக்கால் மூடி வைப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெளிச்சூடு உள்ளே போகாமல் அங்கே தடுப்பதும் அசையாத காற்றே. ஓரத்து ரப்பர் பட்டை சலனத்தை மறிக்கிறது. கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று கரும்பலகையில் நான் பல்லாண்டுகள் எழுதிய மூன்று சொற்களுக்கும் அங்கே ஒவ்வொரு காவற்காரன் நிற்கிறான். பட்டையையும் உறையையும் மெத்தையையும் புதிதாகப் பொருத்திய பிறகு, என் மாணவரின் முறையீடு நின்றது.

செலவை மிச்சப்படுத்த எண்ணிச் சிலர் சாக்கையும் வைக்கோலையும் எஞ்சின் மூடிக்கு அடியில் திணிக்கின்றனர். இது பெருந்தீங்கு. புகைக்குழாயின் சூடு அவற்றைப் பற்றவைத்துவிடும். அங்கு வைக்கும் எப்பொருளும் தீப்பற்றாததாக இருத்தல் வேண்டும். எஞ்சினுக்குக் காற்று வரும் வழியையும் அடைத்தல் கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதும் ஆகாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருந்து, மூடி தளர்ந்தவுடன் சீறிப் பாயும்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. வெப்பக் காற்று நுழையும் வாயில் வழியே, குழாயில் கசிவு இருந்தால் புகையும் நுழையும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியின் ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாக ஒட்டிக்கொள்கிறது. டீசல் வண்டியில் இவ்வாயு குறைவு. பெட்ரோல் வண்டியில் மிகுதி. சூட்டோடு தலைவலியும் மயக்கமும் சேர்ந்தால் வண்டியை உடனே நிறுத்தி வெளியேறிவிட வேண்டும். கசிவைச் சரிசெய்யாமல் ஓட்டலாகாது.

2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருத்தல் வேண்டும் என்று மத்திய அரசு 2023இல் விதி செய்தது. நல்ல விதிதான். ஆனால் குட்டி யானை அந்த எடைக்குள் வருவதில்லை.

எனவே மார்க்கெட்டில் சரக்கு இறங்கும்வரை வெயிலில் காத்து நிற்கும் சிறு வண்டிக்காரர்களுக்கு இரண்டொரு செய்தி. அட்டையைக் கண்ணாடிக்கு உட்புறம் வைப்பதினும் வெளிப்புறம் வைப்பது மேல். உட்புற அட்டை வெயிலை அறைக்குள் வந்த பிறகே தடுக்கிறது. கிளம்புமுன் இரு கதவுகளையும் சற்று நேரம் திறந்து வைத்தால் தேங்கிய காற்று ஓடிவிடும். இருக்கையின்மேல் ஈரத்துண்டு விரிப்பது நம் ஊரின் வறண்ட கோடைக்கு ஏற்றதே. நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும். ஆயினும் கண்ணாடிகளை மூடிவிட்டால் அறைக்காற்றில் ஈரம் நிறைந்து, துண்டும் உலராது, வியர்வையும் உலராது. ஆகவே இரு பக்கமும் திறந்திருக்கையில் மட்டுமே அதைச் செய்தல் வேண்டும்.