பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: பெயருக்கு விலையா, குழலுக்கு விலையா?

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் காட்டுப் புறாவும் முயலும் பயிருக்குப் பெரும் பகை. அவற்றை விலக்க அங்குள்ள குடியானவர்கள் கைக்கொள்ளும் கருவி ரவைத் துப்பாக்கி. இரு குழல்களை அக்கம்பக்கமாக ஒட்டி அமைத்த துப்பாக்கியே நெடுங்காலம் அந்நாட்டின் மரபு வகையாக விளங்கியது. லண்டன் மாநகரின் முதல்தரக் கம்மியரிடம் இன்று ஒன்றைப் புதிதாகச் செய்விக்க வேண்டுமாயின், சிறு வீடு ஒன்று வாங்கும் பணம் வேண்டும். ஆயின் கையில் சில நூறு பவுன் மட்டுமே உள்ள ஒரு பண்ணைத் தொழிலாளியும், வாழ்நாள் முழுதும் உழைக்கத்தக்க ஒரு பழைய துப்பாக்கியை அங்கே வாங்கிவிட முடியும். அதற்கு அவருக்குப் பணத்தைவிட மிகுதியாக வேண்டுவது ஒன்றுண்டு. துப்பாக்கியின் வயிற்றில் பொறித்துள்ள எழுத்துகளைப் படிக்கும் அறிவே அது. படிக்கத் தெரியாமல் வாங்கினால் நட்டமாவது பணம் மட்டுமன்று. சில வேளைகளில் இடக்கை விரல்களும் போய்விடும்.

(மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியுள்ளது. ஆதலின் ஈண்டுக் கூறப்படுவது ஆங்கில நாட்டு வழக்கம் என்ற அளவில் கொள்க.)

முதலில் வகை. குழலின் பின்னே தோட்டாவை வெடிக்கச் செய்யும் இயந்திரப் பகுதிக்குப் பூட்டு என்று பெயர். பழங்காலத்தில் பூட்டின் குதிரைகள் வெளியே இரு காதுகள்போல் நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அவற்றைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். 1875-ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் தொழிலகத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி என்னும் இருவர் புதிய பூட்டு ஒன்றுக்கு உரிமைப் பட்டயம் பெற்றனர். தோட்டா இடுவதற்காகக் குழல்களைக் கீழே சாய்க்கும்போதே உள்ளிருக்கும் குதிரைகள் தாமாக எழுந்து நின்றுவிடும். உறுப்புகள் மிகச் சில. எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடக்கம். அதனால் இதனைப் பெட்டிப் பூட்டு எனலாம். லண்டனார் பெரிதும் விரும்பியது இதற்கு மாறான பக்கப் பூட்டு. இரு பக்கத் தகடுகளில் உறுப்புகள் பொருத்தப்பட்டிருக்கும். தகட்டின் பரப்பிலே கொடியும் மலரும் செதுக்க இடம் மிகுதி. அழகில் இது உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் புறாவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. பணம் குறைந்தவருக்குப் பெட்டிப் பூட்டே ஏற்றது. மலிவான பக்கப் பூட்டைவிட நல்ல பெட்டிப் பூட்டு எவ்வளவோ மேல்.

அடுத்தது பெயர். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். லண்டனின் பர்டி, ஹாலண்டு அண்டு ஹாலண்டு போன்ற பெயர்கள் பொறித்திருந்தால் விலை மலைபோல் ஏறிவிடும். மாறாக, யாரும் கேட்டறியாத ஒரு சிற்றூர்க் கடைக்காரரின் பெயர் இருந்தால் விலை இறங்கிவிடும். ஆனால் அச்சிற்றூர்க் கடைக்காரர் பெரும்பாலும் துப்பாக்கி செய்தவர் அல்லர். பர்மிங்காமில் தூய மேரி தேவாலயத்தைச் சுற்றியிருந்த துப்பாக்கித் தொழிலாளர் பேட்டையில் ஒருவர் குழல் செய்வார். ஒருவர் பூட்டை அரத்தால் இழைப்பார். ஒருவர் கட்டை பொருத்துவார். ஒருவர் சித்திரம் செதுக்குவார். முடிந்த பொருள் ஊரூராகச் செல்லும். அங்கங்கே கடைக்காரர் தம் பெயரைப் பொறித்துக்கொள்வார். லண்டன் கடைகள் சிலவும் இவ்வாறு செய்ததுண்டு. ஆகவே ஒரே தொழிற்கூடத்தில் ஒரே கையால் ஆகிய இரு துப்பாக்கிகள், பெயர் காரணமாக இருவேறு விலைக்கு விற்கும். விவரம் அறிந்தவர் பெயர் குறைந்ததையே தேடுவார். வெப்லி அண்டு ஸ்காட் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1979 வரை செய்த 700 வரிசைப் பெட்டிப் பூட்டுத் துப்பாக்கிகள் இவ்வகையில் நல்ல எடுத்துக்காட்டு. ஸ்பெயின் நாட்டின் எய்பார் நகரில் ஏயா நிறுவனத்தார் ஆங்கில முறையைப் பின்பற்றிச் செய்தவையும் நல்ல பெயர் பெற்றவை. அவர்களுடைய நான்காம் எண் பெட்டிப் பூட்டு வகை. ஸ்பெயினிலிருந்து வந்த மிக மலிவான வகைகள் சிலவற்றில் உள்ளுறுப்புகளின் உருக்கு மென்மையாக இருந்ததுண்டு. அவற்றை விலக்குவது நலம்.

வெடித்த தோட்டாவின் கூட்டைத் தானே வெளியே எறியும் அமைப்பு சில துப்பாக்கிகளில் உண்டு. அது இல்லாதவற்றில் கூடு சற்றே வெளிவரும். கையால் எடுக்க வேண்டும். இவ்வளவு சிறு தொல்லைக்காக விலை பெரிதும் குறைகிறது. பயிர் காக்கும் குடியானவருக்கு இதனைவிட நல்ல பேரம் வேறில்லை.

இனி, எல்லாவற்றிலும் தலையாயதாகிய குழல். “பன்னிரண்டு போர்” என்னும் சொல்லைப் பலரும் கேட்டிருப்பர். அது குழலின் அகலத்தைக் குறிப்பது. ஆனால் பன்னிரண்டு என்பது அங்குலமும் அன்று, மில்லிமீட்டரும் அன்று. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது பன்னிரண்டு போர். மாணவர்க்குக் கணக்காகவே இதனைக் கொடுக்கலாம். ஒரு பவுண்டு 453.6 கிராம், பன்னிரண்டால் வகுக்க 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34 ஆதலின் உருண்டையின் கன அளவு ஏறத்தாழ 3.33 கன சென்டிமீட்டர். அத்தகைய உருண்டையின் விட்டம் 1.85 சென்டிமீட்டர், அதாவது 0.729 அங்குலம். இருபது போர் என்றால் எண் பெரிது, குழலோ சிறிது. ஏன் என்பதும் இதனாலே விளங்கும்.

இந்த 0.729 என்னும் எண் வெறும் கணக்கன்று. பழைய குழலின் வரலாற்றையே அது காட்டிக்கொடுக்கும். இங்கிலாந்தில் எந்தத் துப்பாக்கியும் அரசு ஒப்புதல் பெற்ற சோதனைச்சாலையில், வழக்கத்தினும் மிகுந்த அழுத்தமுள்ள மருந்தால் சுட்டுச் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்ற பின்னரே விற்கப்பட வேண்டும். லண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கம் 1637-இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. சோதனைக்கு உட்படாத துப்பாக்கியை விற்பது 1868-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழையது என்பதால் விலக்கு இல்லை. முன்பு பெற்ற முத்திரை, குழல் தேய்ந்துவிட்டால் செல்லாததாகிவிடும்.

குழல்களைக் கட்டையிலிருந்து கழற்றிக் கவிழ்த்தால், பின்முனையின் அடியில் உள்ள சமதளத்தில் இம்முத்திரைகள் வரிசையாகத் தெரியும். சாய்சதுரத்துக்குள் 12 என்றும் அதன்கீழ் சி என்னும் ஆங்கில எழுத்தும் இருந்தால், 1887-க்குப் பின் சோதிக்கப்பட்டது என அறியலாம். அதற்கு முன், 1875 முதல், வாய்ப்புறம் ஒடுக்கப்பட்ட குழல்களில் “குண்டுக்கு ஆகாது” என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பொறித்தனர். முடியின்கீழ் என்.பி. என்னும் இரண்டெழுத்து இருந்தால் மகிழ்ச்சி கொள்ளலாம். அது புகையிலா மருந்துக்குச் சோதித்ததற்கு அடையாளம். பர்மிங்காமில் 1954 முதல் அது பி.என்.பி. என மூன்றெழுத்தாயிற்று. லண்டன் முத்திரையில் முடிக்கு மாறாக வாளேந்திய கை ஒன்று இருக்கும். இவை இல்லையேல், அக்குழல் பழைய கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டதாக இருக்கலாம். இரும்பையும் உருக்கையும் பட்டையாக முறுக்கிப் பற்றவைத்துச் செய்த டமாஸ்கஸ் குழல்கள் பல இத்தகையவை. பாம்புத்தோல் போன்ற அவற்றின் கோலம் கண்ணைப் பறிக்கும். அவற்றுள்ளும் புகையிலா மருந்துக்கு மறுசோதனை வென்றவை உண்டு. ஆனால் முத்திரையைக் கண்ணால் காணாமல் இன்றைய தோட்டாவை அதில் இடுவது பேதைமை.

தோட்டா அறையின் நீளமும் அங்கே பொறித்திருக்கும். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் அது பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று கடையில் மிகுதியாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீட்டர். நீளத் தோட்டா குட்டை அறைக்குள் நுழைந்துவிடும் என்பதே ஆபத்து. சுடும்போது அதன் முனை விரிய இடமின்றி அழுத்தம் ஏறும்.

இனிக் குழலின் உட்புறம். துருவால் உள்ளே குழி விழுந்தால், கம்மியர் குழலைச் சற்றே கடைந்து மெருகேற்றுவார். குழல் கண்ணாடிபோல் மின்னும். ஆனால் 0.729 என்று பொறித்த குழல் கடைந்து கடைந்து அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக்குமேல் அகன்றுவிட்டால் முத்திரை செல்லாது. உள்ளே அகன்றால் சுவர் மெலிந்தது என்பது வெளிப்படை. குழல் அகலத்தை அளக்கும் கருவி வேறு, சுவரின் கனத்தை அளக்கும் கருவி வேறு, இரண்டும் வேண்டும். சுவர் மிக மெலிந்த இடத்தில் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்காவது இருக்க வேண்டும் என்பது கம்மியர் வழக்கம். சட்டம் இதற்கு அளவு வகுக்கவில்லை. முத்திரை செல்லுபடியாக இருந்தும் சுவர் மெலிந்திருக்கலாம். புதுக் கறுப்பு ஏற்றிய குழலைக் கண்டு மயங்குவோர் இதனை மறக்கின்றனர். குழல் கிழிந்தால், அதைத் தாங்கிப் பிடிக்கும் இடக்கையே முதலில் பலியாகும். அளவுக் கருவி இல்லாத விற்பனையாளரிடம் பேரம் பேசுவதில் பயனில்லை.

கருவியின்றியும் சில சோதனைகள் செய்யலாம். கழற்றிய குழல்களைச் சன்னலை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால் ஒளி வட்டங்கள் தெரியும். வட்டம் ஒடிந்தால் அங்கே நசுங்கலோ புடைப்போ உண்டு. நசுங்கலைக் கம்மியர் எழுப்பிவிடுவார், புடைப்பு அஞ்சத்தக்கது. பிறகு குழல்களை அடிக்கொக்கியில் விரலிட்டுத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்ட வேண்டும். மணிபோல் ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டை உறுதி. ஓட்டைப் பானைபோல் ஒலித்தால் பற்று விட்டிருக்கிறது. பானை வாங்கும் பெண்கள் தட்டிப் பார்ப்பதும் இதே அறிவியல்தான்.

முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மூடி மெல்ல அசைத்தால், கீல் தேய்ந்திருப்பது கைக்குத் தெரியும். இதனைச் சரிசெய்யலாம், செலவை விலையில் கழித்துக் கேட்க வேண்டும். பின்கட்டையில் பூட்டை ஒட்டிய இடத்தில் வெடிப்பு உண்டா எனப் பார்க்க வேண்டும். கட்டை குட்டையாயின் கவலையில்லை. பின்புறம் ரப்பர்த் துண்டு ஒன்று வைத்தால் நீண்டுவிடும். நமது பால்மரம் அங்கும் உதவுகிறது!

பின்முனையிலிருந்து சில அங்குலம் தள்ளிக் குழலைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தால், பழைய குழலை வெட்டிப் புதுக்குழல் செருகியிருக்கிறார்கள் எனப் பொருள். அதற்குரிய ஆங்கிலச் சொல்லும் முத்திரையோடு பொறித்திருக்கும். பழம்பொருள் சேர்ப்போர் இதனை இகழ்வர்; ஆதலின் விலை குறையும். சுடுவதற்காக வாங்குபவருக்கோ இது புதுக்குழல், மறுசோதனையும் பெற்றது. மெலிந்த மூலக் குழலைவிட இதுவே அறிவுடைய தேர்வு.

இன்று இத்துப்பாக்கிகள் மலிந்திருப்பதற்குக் காரணங்கள் உண்டு. குழல்மேல் குழல் வைத்த வகை வழக்கில் முந்திவிட்டது. ஈயத்தின் நஞ்சு பறவைகளைக் கொல்வதால், பிரித்தானியாவின் வேட்டைச் சங்கங்கள் ஒன்பது 2020-இல் ஐந்தாண்டுக்குள் ஈய ரவையைக் கைவிடுமாறு உறுப்பினரை வேண்டின. 2025 ஜூலையில் அரசே தடை விதிக்கப்போவதாக அறிவித்தது. ஈயத்துக்கு மாற்றான எஃகு ரவை கடினமானது. வாய் மிக ஒடுங்கிய பழைய குழலைப் புடைக்கச் செய்யக்கூடும். பிஸ்மத் ரவை மென்மையானது, ஆனால் விலை மிகுதி. ஆகவே வாங்குமுன் குழல்வாயின் ஒடுக்கத்தையும் அளந்து, எந்தத் தோட்டா பொருந்தும் எனக் கம்மியரைக் கேட்டுக்கொள்வதும், ஆண்டுக்கு எத்தனை தோட்டா செலவாகும் எனக் கணக்கிடுவதும் வேண்டும். ஆண்டுக்கு நூறு தோட்டா சுடுபவர் பிஸ்மத்தின் விலையைத் தாங்குவார். வாரந்தோறும் புறா சுடுபவர் தாங்கார்.

ஏலத்தில் விலை குறைவு. ஆனால் ஏலக்காரரின் கழிவு சேர்ந்து விலை ஏறும், வாங்கியபின் குறை சொல்லவும் இயலாது. உள்ளூர்க் கம்மியரிடம் சற்றே மிகுதி. ஆயினும் அவர் சுவரை அளந்து காட்டுவார், சுட்டுப் பார்க்க விடுவார், ஒவ்வாவிடில் திரும்பப் பெறுவதும் உண்டு. முதல் துப்பாக்கி வாங்குபவர் அவரிடமே செல்லலாம். இரு வழியிலும் காவல்துறை வழங்கிய சான்றிதழ் முதலில் கையில் இருக்க வேண்டும். துப்பாக்கி கைமாறிய ஏழு நாட்களுக்குள் விற்றவரும் வாங்கியவரும் காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும்.